முதல் பெஞ்ச் கொடுத்தால் போதுமா? காது கேளாத மகன், சாதாரணப் பள்ளி

ஏழாம்வகுப்பு_அம்மா எழுதியது:

வணக்கம். பல மாதங்களாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காதிலும் கடுமையான செவித்திறன் குறைபாடு. மூன்று வயதிலிருந்து இரண்டு காதுக்கும் மெஷின் போட்டிருக்கிறான். ஏழு வருடம் ஸ்பீச் தெரபி. நன்றாகப் பேசுவான், புதிதாகப் பார்ப்பவர்களுக்குச் சில சொற்கள் பிடிபடாது, அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பிள்ளைகளோடும் சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறான். கணக்கில் முதல் மூன்று பேருக்குள் வந்துவிடுவான்.

பள்ளி கெட்ட பள்ளி இல்லை. முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டார்கள், முதல் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். ஆனால் அத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஆறு வருடத்தில் அவனுக்காக அங்கே மாறியது அந்த ஒரு பெஞ்ச் மட்டும்தான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் இரண்டு மெஷினையும் கழற்றி மேஜை மேல் வைப்பான். காதுக்குப் பின்னால் சிவந்து தடம் விழுந்திருக்கும். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். தூங்குவதில்லை, கண் திறந்தே இருக்கும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம். தோளைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவான். சோம்பேறித்தனம் என்று நினைத்து எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். கேட்டுக் கேட்டே களைத்துப்போகிறான் என்பது எனக்குப் புரியவே வருடக்கணக்காயிற்று.

சொல்வதெழுதுதலில் 25க்கு 9, 25க்கு 7 என்று வாங்கி வருகிறான். ஆசிரியர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொல்வாராம். அவர் முதுகுப் பக்கம் போனதும் இவனுக்கு வெறும் முணுமுணுப்புதான்.

போன மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி அன்று ரத்து என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் வகுப்பிலேயே இருந்துவிட்டார்கள். இவன் மட்டும் உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போய், கோடு போட்ட இடத்தில் நாற்பது நிமிடம் தனியாக நின்றிருக்கிறான். யாரும் தேடவில்லை. நான் போய்க் கேட்டபோது, "மைக்கில் சொன்னோமே" என்றார்கள். அவன் என்னிடம் சொன்னது, "எல்லாரும் லேட்டா வர்றாங்கன்னு நெனச்சேன்மா."

இப்போது பள்ளியில் மெதுவாகப் பேச்சை எடுக்கிறார்கள். காது கேளாதவர்களுக்கென்றே உள்ள பள்ளியில் சேர்த்தால் அவன் சந்தோஷமாக இருப்பானே என்று. அக்கறையோடு சொல்கிறார்களா, தள்ளிவிடப் பார்க்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்க நினைப்பது இதுதான். பள்ளியை மாற்றலாமா? மாற்றாவிட்டால், "கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கெஞ்சாமல், இதைச் செய்யுங்கள் என்று குறிப்பாக எதைக் கேட்கலாம்? இன்னொன்று, சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு நின்றுபோகும் என்று சிறுவயதில் எங்களைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் பக்கத்திலேயே போகவில்லை. இப்போது ஆரம்பித்தால் காலம் கடந்துவிட்டதா?

வெண்கட்டி எழுதியது:

சகோதரி, நான் பத்தொன்பது வருடமாக வகுப்பெடுக்கிறேன். முதல் பெஞ்ச் விஷயத்தில் உங்கள் பள்ளி செய்வதைத்தான் நானும் செய்தேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வகுப்பில் காது மெஷின் போட்ட ஒரு பெண் குழந்தை இருந்தாள். முதல் வரிசையில் நேர் நடுவில் உட்கார வைத்தேன். "புரிந்ததா?" என்று கேட்பேன், தலையாட்டுவாள். நல்ல பிள்ளை என்று விட்டுவிடுவேன். ஒரு நாள் என்ன தோன்றியதோ, "நான் இப்போது என்ன கேட்டேன், சொல்லு" என்றேன். நான் கேட்டது நீர் எப்படி ஆவியாகிறது என்று. அவள் புத்தகத்தின் பக்க எண்ணைச் சொன்னாள். அதுவரை எத்தனை தலையாட்டலை நம்பியிருப்பேன் என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் "புரிந்ததா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "நீ என்ன செய்யப் போகிறாய், சொல்லு" என்றுதான் கேட்கிறேன். காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் புரியாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

முதல் பெஞ்சில் என்ன குறை என்றால், ஆசிரியர் முகம் தெரியும், ஆனால் பின்னாலிருந்து ஒரு பையன் பதில் சொன்னால் யார் பேசுகிறார் என்றே தெரியாது. அவள் திரும்பித் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவன் உட்கார்ந்துவிடுவான். இரண்டாவது வரிசையில் ஓரமாக, சற்றே திரும்பினால் மொத்த வகுப்பும் தெரிகிற இடத்துக்கு மாற்றினேன். ஜன்னலோரம் நின்று பேசுவதையும் நிறுத்தினேன். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் என் முகம் அவளுக்குக் கருநிழல்தான்.

பழகுவதற்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றே ஒன்று: பலகையில் எழுதும்போது வாயை மூடிக்கொள்வது. எழுதிக்கொண்டே பேசுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். எழுதி முடித்து, திரும்பி, அவள் பார்க்கிறாளா என்று பார்த்து, அப்புறம் பேசுவேன். பிள்ளைகள் சொல்லும் பதிலை நான் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். அன்றைய பாடத்தில் வரும் புதுச் சொற்கள் ஐந்தாறை வகுப்பு தொடங்கும் முன்பே பலகை மூலையில் எழுதிவிடுவேன். கண்ணில் ஒரு தடவை பட்ட சொல் காதில் விழும்போது பிடிபடுகிறது, முன்பின் பார்க்காத சொல் நழுவிவிடுகிறது.

சொல்வதெழுதுதல் பற்றி. "வலி" என்று தனியாகச் சொன்னால் அந்தப் பிள்ளை வலியா, வளியா, வழியா என்று எதைப் பிடித்துக்கொள்ளும்? அதனால் வாக்கியத்தோடு சொல்ல ஆரம்பித்தேன். "ஊருக்குப் போகும் வழி. வழி." அதுவும் ஒரே இடத்தில் நின்று, முகம் பார்த்து. இதனால் பரிட்சை சுலபமாகிவிடவில்லை. பிழையில்லாமல் எழுதத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டிய பரிட்சை, காதைச் சோதிக்கும் பரிட்சையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் மகனின் 25க்கு 7 எதற்குக் கொடுத்த மதிப்பெண் என்று தமிழாசிரியரிடம் மரியாதையாகவே கேளுங்கள்.

மைதானத்தில் நடந்ததற்கு அவர்கள் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னதைப் பலகையிலும் எழுத ஒரு பிள்ளையைப் பொறுப்பாக வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை.

விரல்மொழி எழுதியது:

அக்கா, எனக்கு 34 வயது. நானும் பிறவியிலேயே காது கேளாதவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை சாதாரணப் பள்ளியில் படித்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காது கேட்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கும், தெளிவாக்காது. பெஞ்ச் இழுக்கும் சத்தமும் பெரிதாகும், ஆசிரியர் குரலும் பெரிதாகும். மீதியை உதட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உதட்டில் எல்லாம் தெரியாது. கண்ணாடி முன்னால் நின்று குரல் இல்லாமல் "பாலை", "மாலை" என்று சொல்லிப் பாருங்கள். பணம், மணம் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். ககரம் தொண்டைப் பக்கம் பிறக்கிறது, உதட்டில் அடையாளமே இல்லை. ஆக, நான் ஒரு வாக்கியத்தில் பாதியைப் பிடித்து, மீதியை ஊகித்து, ஊகம் சரிதானா என்று அடுத்த வாக்கியத்தை வைத்துச் சோதித்துக்கொண்டிருப்பேன். அதற்குள் ஆசிரியர் மூன்றாவது வாக்கியத்துக்குப் போயிருப்பார். இப்படி ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். பாடம் கற்பது அதற்கு மேல் செய்கிற வேலை.

மதிப்பெண் நன்றாகவே வாங்கினேன். பாடமெல்லாம் புத்தகத்தில் இருந்ததே, வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாததுதான் எனக்குக் கிடைக்கவில்லை. இடைவேளையில் நாலு பேர் நின்று பேசுவார்கள். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எதற்குச் சிரித்தோம் என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டால், "ஒன்னுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்பான். அந்த "அப்புறம்" பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளும் வரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இன்றும் எனக்கு நண்பர்கள்தான். ஒருவரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இருபத்தொன்றாவது வயதில்தான் சைகை மொழி பேசுகிறவர்களோடு முதன்முதலாக ஒரு மாலை உட்கார்ந்தேன். எனக்கு அப்போது இருபது முப்பது சைகைதான் தெரியும். ஒரு பெரியவர் தன் வீட்டுச் சாவி தொலைந்த கதையைச் சொன்னார். ஒன்றும் பெரிய கதை இல்லை. ஆனால் தெரியாத இடத்தில் கையை உயர்த்தினேன், அவர் நிறுத்தினார், வேறு விதமாகச் சொன்னார், சுற்றியிருந்த ஏழு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரு கதையை ஊகிக்காமல் புரிந்துகொண்டது அன்றுதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன்.

சைகை வந்தால் பேச்சு போய்விடும் என்று உங்களைப் பயமுறுத்தினார்களே, அது பழைய பயம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்கென்று ஒரு மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். பேச்சுவழிக் கல்விதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் பள்ளிகளிலிருந்து சைகை மொழி துரத்தப்பட்டது. அதே மாநாட்டின் வழியில் வந்தவர்கள் 2010இல் வான்கூவரில் கூடி, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். 130 வருடம், அக்கா. எத்தனை தலைமுறைப் பிள்ளைகள்! சைகை தெரிந்த பிறகு என் பேச்சு குறையவில்லை. களைப்பில்லாமல் இருக்க ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் தொடங்குவது தாமதமே இல்லை. என்னைவிட ஒன்பது வருடம் முன்னால் தொடங்குகிறான்.

பள்ளியை மாற்றலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நல்ல சைகை மொழிச் சூழல் உள்ள பள்ளிகளில் படித்து நன்றாக வளர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவனுக்குப் பன்னிரண்டு வயது. அவனைக் கேட்டீர்களா? உங்கள் பதிவில் பள்ளி என்ன நினைக்கிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. அவன் சொன்னதாக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

நடமாடும்_ஆசிரியர் எழுதியது:

அம்மா, நான் சிறப்பாசிரியர். ஒரே பள்ளியில் இல்லாமல் பல பள்ளிகளுக்குப் போய்வருகிற வேலை. மேலே இருவரும் சொன்னதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை, விட்டுப்போன ஒன்றிரண்டை மட்டும் எழுதுகிறேன்.

நல்ல மெஷினாக இருந்தாலும் அது சரியாகக் கைகொடுப்பது ஒன்று, ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள்தான். தூரம் இரண்டு மடங்கானால் பேசுபவர் வாயிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபல் (ஒலியின் அளவைச் சொல்லும் அலகு) இறங்கிவிடும். ஒரு மீட்டரில் 65 என்றால் இரண்டு மீட்டரில் 59, நான்கு மீட்டரில் 53. ஆனால் வகுப்பின் இரைச்சல் அப்படி இறங்காது, அது எல்லா இடத்திலும் இருக்கிறது. காது கேளாத பிள்ளைக்கு ஆசிரியர் குரல் இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும் என்பது கேட்பியல் துறையில் சொல்லும் கணக்கு. முப்பது நாற்பது பேர் உள்ள வகுப்பில் வெறும் மெஷினை வைத்துக்கொண்டு அது நடக்காது.

அதற்குத்தான் ரிமோட் மைக். ஆசிரியர் சட்டையில், வாய்க்கு ஒரு சாண் கீழே குத்திக்கொள்ள வேண்டும். அவர் எங்கே நடந்தாலும் குரல் நேராக மெஷினுக்குப் போகும். சொல்வதெழுதுதலின்போது அவர் பின்னால் போனாலும் கவலையில்லை. உங்கள் மகனின் மெஷினோடு எந்த மைக் சேரும் என்று ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் பரிசோதனை, எடுக்கும் இடத்தில் கேளுங்கள். எல்லா மெஷினோடும் எல்லா மைக்கும் சேராது. குழுவாகப் பேசும்போது அந்த மைக் கைமாற வேண்டும்; யாரிடம் மைக் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்று வகுப்பே வைத்துக்கொள்ளட்டும். பள்ளியின் ஒலிபெருக்கி மட்டும் இதில் வராது, அதற்கு எழுத்துதான் வழி.

இன்னொன்று, தினமும் காலையில் அவன் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். அவன் திருப்பிச் சொல்லட்டும். ஒன்று விடுபட்டால் பேட்டரியோ, டியூபில் ஈரமோ, காது மோல்டு (காதுக்குள் பொருந்தும் அச்சு) சின்னதாகிவிட்டதோ, ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வளர்கிற வயதில் மோல்டு சீக்கிரம் பொருந்தாமல் போகும். காதுக்குப் பின்னால் சிவக்கிறது என்றீர்களே, அதையும் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், நீங்கள் பள்ளியில் கேட்கப் போவது சலுகை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 24ஆவது பிரிவு கல்வி பற்றியது. அந்தப் பிள்ளைக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது, சைகை மொழி கற்க வழி செய்ய வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. 2016இல் அதற்கு வெளியிட்ட விளக்கத்தில் ஒரு வேறுபாடு காட்டியிருக்கிறார்கள். பிள்ளையைப் பொதுப் பள்ளியில் கொண்டுவந்து உட்கார வைத்து, நீயே எங்களுக்கு ஏற்பச் சரிப்படுத்திக்கொள் என்பது ஒன்று. பாடம் நடத்தும் முறையையும் சூழலையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுவது வேறொன்று. இரண்டாவதைத்தான் உள்ளடக்கிய கல்வி என்கிறார்கள். உங்கள் மகனுக்கு ஆறு வருடமாகக் கிடைத்திருப்பது முதலாவது.

கேட்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று எதிரே எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் வகுப்பாசிரியர் மாறும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து வரும்.

ஏழாம்வகுப்பு_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத நான்கு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது.

விரல்மொழித் தம்பி கேட்டது சுருக்கென்று தைத்தது. அன்று மாலை அவன் மெஷினைக் கழற்றிப் படுத்தபோது நான் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன்: "ஸ்கூல்ல என்ன மாறினா உனக்கு நல்லாயிருக்கும்?" நோட்டை வாங்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கோபம் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்தான்.

முக்கால் பக்கம். முதல் வரி, "மைக்ல சொன்னத யாராவது எங்கிட்ட வந்து சொல்லணும்." மூன்றாவது வரியில் அவனுடைய நண்பன் பெயர் எழுதி, "அவன் பேசும்போது கைய வாய்கிட்ட வெச்சுக்கறான், எடுக்கச் சொல்லணும்." கடைசியில், "ஸ்கூல் மாத்த வேணாம். ஆனா என்ன மாதிரி மெஷின் போட்ட வேற பசங்கள பாக்கணும்." பன்னிரண்டு வயது வரை இவனைப் போல இன்னொரு பிள்ளையை இவன் பார்த்ததே இல்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

பள்ளியில் அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதிய பக்கத்தோடு அவன் எழுதியதையும் கொண்டு போகிறேன், அவனும் கூட வருகிறான். மோல்டு சின்னதாகிவிட்டது உண்மைதான் சார், புதிதாக அளவெடுத்தாயிற்று. ஆறு ஒலிகளில் "ஸ்" அவனுக்குக் கேட்கவில்லை. நாளை மெஷினைக் காட்டுகிறோம்.

டீச்சர், தமிழாசிரியரிடம் நீங்கள் சொன்னபடி பேசிவிட்டேன். உடனே ஒத்துக்கொண்டார். இதுவரை யாரும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார்.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். சைகை மொழி வகுப்புக்கு அவனை மட்டும் அனுப்புவதா, நானும் அவன் அப்பாவும் சேர்ந்து படிக்கலாமா?

விரல்மொழி எழுதியது:

மூன்று பேரும் வாருங்கள் அக்கா. வீட்டில் ஒருவருக்கும் தெரியாவிட்டால் அவன் யாரோடு பேசுவான்? தனிச்செய்தியில் விவரம் அனுப்புகிறேன். அந்த நண்பனுக்கும் ஆசையிருந்தால் அழைத்து வாருங்கள், வாய்கிட்டேயிருந்து கையை எடுத்துவிட்டு அந்தக் கையாலேயே பேசட்டும்.